சொந்த அரங்கில் மட்டும் விழாத பந்து

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ராசியில்லாதவன் கிடையாது. ஒன்பது வாரம் இந்த ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் நம்பினார்கள். என் மாமியார் இன்றைக்கும் முழுசாக விட்டபாடில்லை. ஆனால் என்னிடம் ஆதாரம் இருக்கிறது. தலைமை நடுவர் கையெழுத்துப் போட்ட தாள். கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டி வைத்திருக்கிறேன். துணி வாங்க வருகிறவர்கள் முதலில் அதைப் படிக்க வேண்டும், அப்புறம்தான் துணியைத் தொட வேண்டும்.

என் மனைவி தொழில்முறைக் கூடைப்பந்து ஆட்டக்காரி. நான் ஜன்னல் திரைச்சீலை தைக்கிறவன். அவளுடைய கோச் என்னை 'டெய்லர் சார்' என்று கூப்பிடுவார். எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன், சட்டை தைக்கிறவர் வேறு, திரை தைக்கிறவன் வேறு என்று. மனுஷர் காதிலேயே வாங்க மாட்டார்.

என் மனைவியின் பிழைப்பே தூரத்திலிருந்து எறிவதுதான். வளையத்தைச் சுற்றி அரைவட்டமாக ஒரு கோடு போட்டிருப்பார்கள். அதற்கு வெளியே நின்று போட்டால் மூன்று புள்ளி. உள்ளே போய்ப் போட்டால் இரண்டுதான். பள்ளிக்கூடத்தில் இவள் குள்ளம். வளையத்துக்குக் கீழே போனால் நெட்டைப் பெண்கள் முழங்கையால் இடித்தே வெளியே தள்ளிவிடுவார்களாம். 'சரி போங்கடி' என்று வெளியிலேயே நின்று எறிய ஆரம்பித்தவள்தான். முதல் கிளப்பில் மூன்று வருஷம் பெஞ்சு தேய்த்தாள். ஒரு நாள் முக்கியமான ஆட்டக்காரிக்குக் கணுக்கால் சுளுக்கிக்கொண்டது, வேறு வழியில்லாமல் இவளை இறக்கினார்கள். ஏழு எறிந்தாள், ஆறு விழுந்தது. அதற்கப்புறம் அவளைப் பெஞ்சில் உட்கார வைக்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

பந்து வளையத்தின் இரும்பில் படவே படாது. வலை மட்டும் 'சர்க்' என்று ஒரு சத்தம் போடும். அதனால் ரசிகர்கள் அவளுக்கு 'ஊசி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். தினமும் ஐநூறு பந்து விழ வேண்டும். எறிந்தது ஐநூறு இல்லை, விழுந்தது ஐநூறு. அப்புறம் வீட்டுக்கு வந்து தோளில் ஐஸ் மூட்டையை வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் நறுக்கிய வெங்காயத்தை ஆறடி தள்ளி நின்று வாணலியில் போடுவாள். ஒரு துண்டு வெளியே விழுந்துவிட்டால் அன்றைக்குச் சமையல் அவ்வளவுதான், மொத்தத்தையும் பொறுக்கி முதலிலிருந்து ஆரம்பிப்பாள். எனக்குப் பசி உயிர் போகும்.

எங்களுக்குப் பழக்கமானதே அந்த அரங்கில்தான். நாலு மணி வெயில் ஆட்டக்காரர்கள் கண்ணில் அடிக்கிறது, பதினெட்டு ஜன்னலுக்கும் கனமான திரை வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஏணியில் நின்று அளந்துகொண்டிருக்கிறேன், கீழே ஒருத்தி தனியாகப் பந்து எறிந்துகொண்டிருக்கிறாள். சர்க். சர்க். சர்க். ஒரே ஜன்னலை நாலு தடவை அளந்தேன். நாலாவது தடவை அவளே நிமிர்ந்து, "ஏங்க, அந்த ஜன்னல் வளர்ந்துக்கிட்டே இருக்கா?" என்று கேட்டாள். அதோடு நான் காலி. இன்றைக்கும் என்னை 'நீ' என்றுதான் கூப்பிடுவாள். அவளுடைய அம்மாவுக்கு, அதாவது என் அத்தைக்கு, அது பிடிக்காது. எனக்குப் பிடிக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த சீசனின் நடுவில் அரங்கத்துக் கூரை ஒழுகி மரத்தரை ஊறிப் புடைத்துக்கொண்டது. இரண்டே வாரத்தில் அவசர அவசரமாகப் புதுத் தரை போட்டார்கள். வழுவழுவென்று அவ்வளவு அழகு! பயிற்சி எல்லாம் இப்போது வேறு ஒரு பள்ளிக்கூட மைதானத்தில்தான் நடக்கும், மேட்ச்சுக்கு மட்டும்தான் இந்த அரங்கு. புதுத் தரையில் முதல் மேட்ச். என் மனைவி ஒன்பது எறிந்தாள். விழுந்தது ஒன்று.

அடுத்த வாரம் வெளியூர். பத்து எறிந்து ஏழு விழுந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டோம். திரும்பவும் சொந்த அரங்கு. எட்டு எறிந்தாள், ஒன்றுகூட விழவில்லை. எல்லாப் பந்தும் வளையத்தின் பின்பக்கம் இடித்துக்கொண்டு எகிறுகிறது. வெளியூரில் மழையாகப் பொழிகிறாள், உள்ளூரில் வறட்சி. "ரிங் எனக்குக் கிட்ட வந்து நிக்கற மாதிரி இருக்குடா" என்று வீட்டில் புலம்பினாள். கோச்சிடமும் சொன்னாள். அவர் கண் டாக்டரிடம் அனுப்பினார். கண் டாக்டர் கழுகுக் கண் என்று சொல்லிவிட்டார். அப்புறம் மனநல டாக்டர். அந்த மகராசி நிதானமாக ஒரு கேள்வி கேட்டார். "உங்க சொந்த அரங்கத்துல இருக்கற, வெளியூர்ல இல்லாத ஒரு விஷயம் என்னன்னு யோசிங்க."

என் மனைவி யோசித்தாள். யோசித்துவிட்டுப் பச்சைக் குழந்தையாகப் பதில் சொன்னாள். "என் புருஷன்."

அது உண்மைதான், கடையை விட்டு வெளியூர் மேட்ச்சுக்கு நான் போவதில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தை டாக்டர் அறையிலிருந்து கோச்சுக்குப் போய், கோச்சிடமிருந்து அத்தைக்குப் போய், அத்தையிடமிருந்து ஊருக்கே போய்விட்டது. பால் வாங்கப் போனால்கூட ஒருத்தர், "தம்பி, கொஞ்ச நாள் மேட்ச் பாக்காம இருங்களேன், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பாலே திரிந்திருக்க வேண்டும்.

அத்தை பக்குவமாகத்தான் பேசினார். "மாப்பிள்ளை, தப்பா நினைச்சுக்காதீங்க. ஒரே ஒரு மேட்ச் கார்ல உக்காந்து ரேடியோல கேளுங்க." உட்கார்ந்தேன். அவளுக்கு ஒன்றும் விழவில்லை. "காரை வாசல்லயே நிறுத்திட்டீங்க. அதான்." அடுத்த மேட்ச்சுக்குக் கடையிலேயே இருந்துவிட்டேன். அப்போதும் விழவில்லை. "ரேடியோல கேட்டீங்களா?" "கேட்டேன் அத்தை." "அதான்!"

இதையெல்லாம் சிரித்துத் தள்ளியிருப்பேன். ஆனால் என் மனைவியே ஒரு நாள் முகத்தைப் பார்க்காமல், "கொஞ்ச நாள் வராம இரேன்" என்று சொல்லிவிட்டாள். அது வலித்தது. பொய் சொல்வானேன், நன்றாகவே வலித்தது.

இதே ஒன்பது வாரத்தில் அணியில் மற்ற எல்லாருக்கும் சுக்கிர திசை. வளையத்துக்குக் கீழே ஆடுகிற பெண் ஒருத்தி இருக்கிறாள், ஆறடி நாலு அங்குலம். கம்பம் என்று கூப்பிடுவார்கள். என் மனைவி அவளுக்கு அக்கா, அதனால் நான் மாமா. எறியாமல், எகிறிப் போய்ப் பந்தைக் கையாலேயே வளையத்துக்குள் அழுத்துவதற்கு டங்க் என்று பெயர். எங்கள் பெண்கள் லீக்கில் அதுவரை ஒருத்திகூடச் செய்ததில்லை. பன்னிரண்டு வருஷமாக எம்பி எம்பிப் பார்த்துக்கொண்டிருந்த கம்பம், புதுத் தரையில் ஆடிய இரண்டாவது மேட்ச்சிலேயே டங்க் அடித்துவிட்டாள். அரங்கமே எழுந்து நின்று கத்தியது. அவளுடைய அப்பா போனில் வாய்விட்டு அழுதாராம். அடுத்த மேட்ச்சில் இன்னொன்று. நகரப் பேருந்தின் பக்கவாட்டில் அவள் படம் வந்துவிட்டது.

அதிசயம் என்னவென்றால், பயிற்சி மைதானத்தில் அவளுக்கு டங்க் வராது. நூல் இழையில் தவறும். "கூட்டம் இருந்தாத்தான் எனக்கு வரும் மாமா" என்பாள். கோச்சுக்குத் தலைகால் புரியவில்லை. எல்லாம் தன்னுடைய எட்டு வாரத் தாவல் பயிற்சியின் மகிமை என்று பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தார். அணியிலேயே குட்டையான பெண் துள்ளி வலையைத் தொட்டுவிட்டாள். எதிரணிக்காரிகள் தூரத்திலிருந்து எறிந்தது விழவில்லை, அதற்கும் கோச், "நம்ம தடுப்பாட்டத்தைப் பாத்தாலே கை நடுங்குது பாருங்க" என்றார். ஆக, சந்தோஷம் இல்லாதவர்கள் அந்த அணியில் இரண்டே பேர். ஒன்று என் மனைவி. இன்னொருவன் அணியிலேயே இல்லாத நான்.

சீசனின் கடைசி மேட்ச் சொந்த அரங்கில். அதற்கு ஒரு வாரம் முன்னால் கிளப் செயலாளர் என் மனைவியைக் கூப்பிட்டு, "இந்த மேட்ச்லயும் இப்படியேன்னா அடுத்த வருஷத்துக்கு ஒப்பந்தம் கிடையாதும்மா" என்று சொல்லிவிட்டார். அவளுக்கு வயது முப்பத்து நாலு. வேறு எந்தக் கிளப்பும் எடுக்காது. வீட்டுக்கு வந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல் சமையலறைத் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"இன்னும் ஒரே ஒரு வருஷம்தான் கேக்கறேன். நல்லா ஆடிட்டு, நானே போதும்னு சொல்லிட்டு வரணும். எறிய மறந்து போனவள்னு பேர் வாங்கிட்டு வர மாட்டேன்."

பதினாலு வருஷம் ஐநூறு ஐநூறாகப் போட்ட கை அது. மடியில் சும்மா கிடந்தது. நானும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அவள் ஷூ நாடாவை அவிழ்த்துவிட்டேன்.

மேட்ச் நாள் வந்தது. நாலு மணிக்கு ஆட்டம். காலை பத்து மணிக்கு அரங்கத்துக் கண்காணிப்பாளரிடமிருந்து போன். "என்னங்க ஸ்கிரீன் தச்சிருக்கீங்க? தரையில கிடந்து புரளுது! டிவிக்காரங்க ரெண்டு பேர் தடுக்கி விழுந்துட்டாங்க. அளவு தெரியாமத் தச்சா இப்படித்தான். வந்து வெட்டி விடுங்க."

அளவு தெரியாமலா? என்னைப் பார்த்தா? ராசியில்லாதவன் என்றார்கள், பொறுத்துக்கொண்டேன். டெய்லர் என்றார்கள், அதையும் பொறுத்துக்கொண்டேன். இதைப் பொறுப்பேனா? டேப்பையும் அளவு நோட்டையும் எடுத்துக்கொண்டு, வரக்கூடாது என்று எனக்குத் தடை போட்டதையெல்லாம் மறந்து நேராக அரங்குக்குள் போனேன்.

கம்பத்தின் டங்க்கைப் படம் பிடிக்க வந்த டிவிக்காரர்களுக்காகப் பின்வரிசை நாற்காலிகளை எடுத்திருந்தார்கள். அதுவரை நாற்காலிகளுக்குப் பின்னால் மறைந்திருந்த திரையின் அடிப்பக்கம் அப்போதுதான் வெளியே தெரிந்தது. நிஜமாகவே தரையில் இரண்டு விரற்கடை கிடந்து புரண்டது. எனக்கு மானமே போய்விட்டது. நான் தைக்கிற திரை தரைக்கு மேலே இரண்டு விரற்கடை தூக்கி நிற்கும். தொழிலில் இறங்கியதிலிருந்து அது மாறியதே இல்லை.

ஏணி போட்டு மேல் கம்பியிலிருந்து கீழ் மடிப்பு வரை அளந்தேன். நோட்டைப் பார்த்தேன். அச்சு அசல் அதே அளவு. துணி ஒரு நூல்கூட நீளவில்லை.

"அண்ணே," என்றேன் கண்காணிப்பாளரிடம், "புதுத் தரையை எப்படிப் போட்டாங்க?"

"பழசைப் பேர்த்து எடுக்க நேரமில்ல. மேலயே சட்டம் வச்சுப் பலகை அடிச்சாச்சு. கதவெல்லாம் இழுத்துச்சு, அடியில இழைச்சு விட்டுட்டோம்."

"கதவை இழைச்சீங்க. வேற எதையாவது பாத்தீங்களா?"

"வேற என்ன இருக்கு பாக்க?"

இரண்டு விரற்கடை மேலே நின்ற திரை இப்போது இரண்டு விரற்கடை கீழே புரளுகிறது. ஆக, தரை நாலு விரற்கடை மேலே வந்திருக்கிறது. நான் மெதுவாகத் தலையைத் திருப்பி வளையத்தைப் பார்த்தேன். அது சுவரில் இரும்புச் சட்டம் போட்டுப் பதித்தது. தரை ஏறினால் அது கூடவே ஏறுமா? சீசன் தொடக்கத்தில் அதிகாரிகள் வந்து அளந்துவிட்டுப் போனதோடு சரி, நடுவில் யாரும் தொடவில்லை. அடப்பாவிகளா! கதவுக்குப் பார்த்தவர்கள் வளையத்துக்குப் பார்க்கவில்லையே! ஏணியிலிருந்து இறங்கும்போது இரண்டு படி தவறவிட்டேன்.

நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு வளையத்துக்குக் கீழே ஏறி நின்றேன். எட்டவில்லை. ஏணியை இழுத்து வருவதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல். "என்ன மாமா பண்றீங்க? நான் பிடிக்கட்டுமா?"

கம்பம்தான். எப்போதும் முதல் ஆளாக வந்துவிடுவாள். தோளில் பை, முகமெல்லாம் சிரிப்பு. நான் வாயைத் திறப்பதற்குள் டேப் நுனியைப் பிடுங்கிக்கொண்டு நாற்காலியில் ஏறி, குதிகாலை உயர்த்தி, வளையத்தின் மேல் விளிம்பில் வைத்துவிட்டாள். நான் கீழே குனிந்து தரையில் டேப்பை இழுத்துப் பிடித்தேன். இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு.

முன்னூற்று ஐந்து சென்டிமீட்டர் இருக்க வேண்டும். பிறந்த தேதியைப் போல அந்த எண் ஒவ்வொரு ஆட்டக்காரிக்கும் மனப்பாடம்.

"எவ்வளவு மாமா?"

பேருந்தில் ஒட்டிய படம் கண் முன்னால் வந்தது, போனில் அழுத அப்பா வந்தார். ஏதாவது ஒரு பொய் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். விலையைக் கூட்டிச் சொல்லியிருக்கிறேன், நாளைக்குத் தருகிறேன் என்று பத்து நாள் இழுத்திருக்கிறேன். அளவில் மட்டும் பொய் சொன்னதில்லை.

"இருநூத்தித் தொண்ணூத்தெட்டும்மா."

சிரிப்பு நின்றுவிட்டது. "சரியாப் பாருங்க மாமா." பார்த்தேன். அதேதான். "அந்தப் பக்கத்து ரிங்கைப் பாருங்க." அங்கேயும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அதேதான். நாற்காலியிலிருந்து இறங்கி அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"அப்போ நான் குதிச்சது..."

"நல்லாத்தான் குதிச்சே. ஏழு சென்டிமீட்டரைத் தரை குதிச்சிடுச்சு."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "அக்காவுக்கு இதனாலதான் விழலையா?"

"அதனாலதான்."

அவ்வளவுதான், எழுந்துவிட்டாள். நடுவர்கள் வந்து காரிலிருந்து பெட்டிகூட இறக்கவில்லை, இவள் போய் நின்று, "சார், ரிங் உயரம் தப்பு. அளந்து பாருங்க" என்று சொல்லிவிட்டாள். கோச் ஓடி வந்தார், முகம் வெளுத்திருந்தது. "ஏம்மா, இன்னைக்கு ஒரு நாள் இப்படியே ஆடிடலாமே! டிவியெல்லாம் வந்திருக்கு!" கம்பம் அவரை மேலிருந்து கீழே பார்த்தாள். அவள் அப்படித்தான் பார்க்க முடியும். "ஏன் சார், உங்க தாவல் பயிற்சிதான் இருக்கே. ஏழு சென்டிமீட்டர் ஒரு பெரிய விஷயமா?"

தலைமை நடுவர் அளந்தார், தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். இரண்டு அணிக்கும் அதே வளையம்தானே, பழைய மேட்ச் முடிவுகள் அப்படியே நிற்கும் என்றார். இரண்டு பேர் ஸ்பானரோடு ஏறி வளையத்தை உயர்த்திக்கொண்டிருந்தபோது என் மனைவி உள்ளே வந்தாள். முதலில் என்னைத்தான் பார்த்தாள்.

"நீ எப்படி உள்ள வந்தே?"

சொன்னேன். திரை, தரை, கதவு, வளையம், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அசையாமல் கேட்டாள். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்து, அப்புறம் படுத்தே விட்டாள். "ஒன்பது வாரம்! உன்னைப் போய் ரோட்டுல உக்கார வச்சேனே!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன், கம்பம் சிரித்தாள், ஸ்பானர்காரர்கள் எதற்கென்று தெரியாமலேயே சிரித்தார்கள். திடீரென்று என் மனைவி எழுந்து கம்பத்தைக் கட்டிக்கொண்டாள். தலை அவள் நெஞ்சுக்குத்தான் வரும். என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை.

மூன்றரை மணிக்கு ஐயாயிரம் பேரும் உட்கார்ந்த பிறகு ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். வளையம் ஏழு சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தது, இப்போது சரி செய்யப்பட்டது. அரங்கம் 'ஆ' என்றது. பின்னால் ஒரு கும்பல் கம்பத்தைப் பார்த்து ஊளையிட்டது. அத்தை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "எல்லாம் சரி மாப்பிள்ளை, ரிங்தான் தப்பு, ஒத்துக்கறேன். ஆனா எதுக்கும் நீங்க கார்லயே இருங்களேன்."

"அத்தை, இன்னைக்குக் கூரையே இடிஞ்சாலும் நான் நகர மாட்டேன்."

ஆட்டம் தொடங்கியது. என் மனைவி முதல் பந்தை எறிந்தாள். முன்பக்க இரும்பில் பட்டு விழுந்தது. இரண்டாவது எறிந்தாள். அதுவும் வெளியே. அத்தை மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். சுற்றிலும் இருபது முப்பது பேர் திரும்பினார்கள். யார் கண்டது, ஒருவேளை நிஜமாகவே நான்தானோ என்று பாதி எழுந்துவிட்டேன், சத்தியமாக.

"உக்காருடா!"

ஆட்டத்தின் நடுவிலிருந்து, ஐயாயிரம் பேருக்கும் கேட்கும்படி கத்தினாள். உட்கார்ந்தேன். அடுத்த பந்தை வாங்கினாள், எறிந்தாள். சர்க்.

ஐயோ, அதற்கப்புறம் நடந்ததை எப்படிச் சொல்வேன்! இடது மூலையிலிருந்து ஒன்று. வலது மூலையிலிருந்து ஒன்று. இரண்டு பேர் கையைத் தூக்கி மறைக்க, பின்னால் சாய்ந்து ஒன்று. நான் முன்னால் இருந்தவரின் தொப்பியைப் பிடுங்கி எறிந்தேன், அவர் திரும்பி என் தொப்பியைத் தேடினார், என்னிடம் தொப்பி இல்லாததால் என்னையே கட்டிப்பிடித்துக்கொண்டார். அத்தை நாற்காலி மேல் ஏறி நின்று, "என் பொண்ணு! என் பொண்ணு!" என்று கத்தினார். எட்டு விழுந்தது. ஒன்பது விழுந்தது.

ஆனால் எதிரணியும் சளைத்ததில்லை. அவர்களுக்கும் இப்போது வளையம் சரியாகிவிட்டதே! கடைசி ஒன்பது வினாடி, நாங்கள் ஒரு புள்ளி பின்னால். அவர்கள் கையிலிருந்து பந்து நழுவியது. கம்பம் அதைத் தட்டிப் பறித்துக்கொண்டு ஓடினாள். எதிரில் ஆளே இல்லை. வளையத்துக்குக் கீழே போய் வளையத்துக்குப் பின்னால் இருக்கிற பலகையில் லேசாகத் தட்டிவிட்டால் போதும், இரண்டு புள்ளி, நாம் ஜெயித்தாயிற்று, என் மனைவிக்கு ஒப்பந்தம். ஐந்து வயதுக் குழந்தைகூடப் போட்டுவிடும்.

கம்பம் எகிறினாள். கையை மேலே நீட்டி, பந்தை உள்ளங்கையில் வைத்து, டங்க் அடிக்க எகிறினாள்.

"வேண்டாம்டி!" என்று அலறினேன். பந்து 'டங்' என்று வளையத்தின் முன்விளிம்பில் மோதி, எல்லார் தலைக்கும் மேலே பின்னோக்கிப் பறந்தது. ஐயாயிரம் பேர் மூச்சும் நின்றது. அடிப்பாவி, கெடுத்துவிட்டாளே! கம்பம் கீழே விழுந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

அவள் பின்னால் ஓடி வந்துகொண்டிருந்த என் மனைவி மட்டும் நின்றாள். பந்து வருகிற பக்கம் பார்த்து இரண்டு எட்டு பின்னால் வைத்தாள். கோட்டுக்கு வெளியே. பிடித்தாள். எறிந்தாள். பந்து காற்றில் இருக்கும்போதே மணி அடித்துவிட்டது. மணிக்கு முன்னால் கையை விட்ட பந்து, விழுந்தால் செல்லும். நான் கண்ணை மூடிக்கொண்டேன், ஒப்புக்கொள்கிறேன். காதில்தான் கேட்டேன். சர்க்.

கூரை அன்றைக்கே இடிந்திருக்க வேண்டும், அவ்வளவு சத்தம். நான் நாற்காலிகளைத் தாண்டி ஓடினேன், அத்தை என் சட்டையைப் பிடித்துக்கொண்டே ஓடி வந்தார். டிவிக்காரர்கள் மைக்கை நீட்டிக்கொண்டு கம்பத்திடம் போனார்கள். "அவ்வளவு ஈசியா ரெண்டு புள்ளி இருந்துச்சே, ஏங்க டங்க் அடிக்கப் போனீங்க?"

கம்பம் முகமெல்லாம் கண்ணீரும் வியர்வையுமாகச் சிரித்தாள். "தப்புதான். ஆனா நிஜமான உயரத்துக்கு நான் எவ்வளவு தூரத்துல இருக்கேன்னு எனக்குத் தெரியணும்."

"தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது. கொஞ்சம்தான் குறையுது, அடுத்த வருஷம் அடிச்சிடுவேன். ஆனா அது வரைக்கும் நான் விடறதையெல்லாம் பிடிச்சுப் போடறதுக்கு எனக்கு அக்கா வேணும்." அவள் சுற்றிப் பார்த்தாள். அந்த உயரத்துக்கு யாரும் ஒளிந்துகொள்ள முடியாது. ஓரமாக நின்ற செயலாளரைக் கண்டுபிடித்து, டிவிக்காரர் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கி, அவர் வாய்க்கு நேராக நீட்டினாள். "சொல்லுங்க சார். அக்காவுக்கு அடுத்த வருஷம் ஒப்பந்தம் உண்டா, இல்லையா?"

செயலாளர் கழுத்துப் பட்டியைத் தளர்த்தினார். என்னைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். அத்தை பார்த்த பார்வையில் அவர் எரியாமல் நின்றதே பெரிய விஷயம்.

"உண்டு" என்றார்.

சின்னக் குரலில்தான் சொன்னார். ஒலிபெருக்கியோடு இணைத்திருந்த மைக் அதை அரங்கம் முழுக்கக் கொண்டுபோனது.

என் மனைவி அந்தக் கூட்டத்தையெல்லாம் விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். மூச்சு வாங்கியது. என் சட்டையின் முன்பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "இன்னும் ஒரு வருஷம்டா" என்றாள். "எல்லா மேட்ச்சுக்கும் வந்து உக்காரு. முன்வரிசையில உக்காரு."

ஒன்பது வாரமாக அவளிடம் கேட்க ஆயிரம் கேள்வி சேர்த்து வைத்திருந்தேன். வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது.